செட்டப்டூல்ஸ், பில்ட், ட்வைன்: பல வெளியீடுகளுக்குப் பிறகு

பைதான் நூலகத்தைப் பேக்கேஜ் செய்து பைபிஐ-யில் (பைதான் நூலகங்களின் பொதுக் களஞ்சியம்) ஏற்ற இன்று கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஆண்டுக்கணக்கில் நம்பிப் பயன்படுத்த முடிவது மூன்றுதான்: நூலகத்தைப் பேக்கேஜாக அமைக்கும் செட்டப்டூல்ஸ், அதைக் கட்டும் கட்டளையான பில்ட், கட்டியதை ஏற்றும் ட்வைன். 2022 மார்ச்சில் வந்த 61-ஆம் பதிப்பு முதல் செட்டப்டூல்ஸ் பெயர், பதிப்பு, சார்புகள் எல்லாவற்றையும் பைப்ராஜெக்ட்.டாமல் என்ற அமைப்புக் கோப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பைதானில் மட்டும் எழுதிய நூலகத்துக்கு செட்டப்.பை என்ற பழைய அமைப்பு நிரல் இனித் தேவையில்லை.

அடிக்கடி வரும் புகார்: "என் கணினியில் ஓடுகிறது, பிப் வழியாக நிறுவினால் ஓடவில்லை." (பிப் என்பது பைதான் நூலகங்களை நிறுவும் கருவி.) புராஜெக்ட் ஃபோல்டரில் நின்று டெஸ்ட் ஓட்டினால், நிறுவிய நூலகத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடக்கும் மூலக் கோப்புகளையே பைதான் எடுத்துவிடும். வீலில் (நிறுவுவதற்கென்று கட்டிய கோப்பு) எது விடுபட்டாலும் தெரியாது. நிரலை எஸ்ஆர்சி என்ற தனி ஃபோல்டருக்குள் வையுங்கள். அப்போதும் எடிட்டபிள் முறையில் (மூலக் கோப்புகளுக்கு இணைப்பு மட்டும் கொடுக்கும் முறை) நிறுவினால் மூலத்தைத்தான் காட்டும். ஆகவே கடைசிச் சோதனைக்குப் புதிய வென்வ் (தனித்த பைதான் சூழல்) ஒன்றில் வீலையே நிறுவுங்கள்.

விடுபடுவது பெரும்பாலும் டேட்டா ஃபைல். தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்று .டிஎக்ஸ்டி கோப்பாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பைப்ராஜெக்ட்.டாமலின் பேக்கேஜ்-டேட்டா பகுதியிலோ மேனிஃபெஸ்ட்.இன் கோப்பிலோ குறிப்பிடாவிட்டால் அது வீலுக்குள் போகாது. போனாலும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது: எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று சொல்லாமல் திறந்தால், லினக்ஸில் சரியாக வரும் எழுத்துகள் பல விண்டோஸ் கணினிகளில் குப்பையாகும், அல்லது பிழை காட்டி நின்றுவிடும்.

வீல் என்பது வெறும் ஜிப் கோப்பு. ஏற்றுவதற்கு முன் "பைதான் -எம் ஜிப்ஃபைல் -எல்" கொடுத்து உள்ளே இருப்பதை ஒருமுறை படியுங்கள். சொற்பட்டியல் இருக்கிறதா? மேல்மட்டத்தில் டெஸ்ட்ஸ் ஃபோல்டர் தெரிகிறதா? தெரிந்தால் அதுவும் பயனரின் சைட்-பேக்கேஜஸில் (நூலகங்கள் நிறுவப்படும் ஃபோல்டர்) போய் உட்கார்ந்துகொள்ளும்.

பில்ட் கட்டளையை எந்த ஆப்ஷனும் இல்லாமல் ஓட்டுவதே நல்லது. முதலில் எஸ்டிஸ்ட் (மூலக் கோப்புகளின் தொகுப்பு) கட்டி, அதிலிருந்தே வீலைக் கட்டும். "--வீல்" மட்டும் கொடுத்தால் நேரே மூல ஃபோல்டரிலிருந்து கட்டும். பழைய பில்ட் ஃபோல்டர் அழிக்கப்படாமல் இருந்தால், எப்போதோ நீக்கிய மாட்யூலும் வீலுக்குள் புகுந்துவிடும்.

ட்வைனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. "செக்" கொடுத்தால் ரீட்மீ பைபிஐ பக்கத்தில் சரியாக வருமா என்று பார்த்துச் சொல்லும். சோதனைத் தளமான டெஸ்ட்பைபிஐ-யில் ஒருமுறை ஏற்றிப் பார்க்கச் சோம்பல் வேண்டாம். பைபிஐ-யில் ஒரு கோப்புப் பெயர் ஒரு தடவைக்குத்தான். அழித்தாலும் அதே பெயரில் மறுபடி ஏற்ற முடியாது. 1.2.0-இல் தவறு நேர்ந்தால் அதை யாங்க் செய்துவிட்டு (அழிக்காமல், பிப் தானாகத் தேர்ந்தெடுக்காதபடி ஒதுக்கிவிட்டு) 1.2.1 வெளியிட வேண்டியதுதான்.

இதனால் அதிகம் அடிபடுவது, நூலகம் எந்தப் பைதான் பதிப்புகளுக்கானது என்று சொல்லும் ரிக்வயர்ஸ்-பைதான் வரி. அதில் ">=3.9" என்று கீழ் எல்லை மட்டும் போதும். முன்யோசனை என்று நினைத்து "<3.13" சேர்த்தால், 3.13 வைத்திருப்பவருக்கு பிப் அந்த வெளியீட்டைத் தவிர்த்து, மேல் எல்லை போடாத பழைய வெளியீட்டைத் தேடிப்பிடித்து நிறுவும். ஏற்றிய பழைய வெளியீடுகளில் அந்த வரியைத் திருத்தவும் வழி கிடையாது.