லாக்கேஸ் நொதிக்கு எது ஏற்றது: தவிடா, திரவமா?

கானோடெர்மா, டிராமெட்டஸ் போன்ற மருத்துவக் காளான்கள் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்க லாக்கேஸ் என்ற நொதியைச் சுரக்கின்றன. மூலக்கூறுக்கு 4 செம்பு அணுக்கள் கொண்ட அழகான நொதி இது. ஆக்சிஜன் மட்டும் கிடைத்தால் போதும். லிக்னினைச் சிதைக்கும் இன்னொரு நொதியான மாங்கனீஸ் பெராக்சிடேஸ் போல ஹைட்ரஜன் பெராக்சைடு கேட்காது.

இந்த நொதியைப் பெறப் பூஞ்சையை இரண்டு முறைகளில் வளர்க்கலாம். திட முறையில் ஈரப்படுத்திய தவிடு, வைக்கோல், மரத்தூள் மேல் பூஞ்சை வளர்கிறது. அதன் இயல்பான வாழ்க்கையே அதுதான். கழிவுப்பொருள் உணவாகிறது, லிக்னின் துணுக்குகளே சுரப்பையும் தூண்டுகின்றன. ஆனால் குவியலின் நடுவில் சூடு ஏறும், ஈரம் இடத்துக்கு இடம் மாறும். கடைசியில் அமிலநிலை மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலில் ஊறவைத்துப் பிழிந்தால் வருவது பழுப்பு நிறச் சாறு. அந்த நிறம் நொதி அளவீட்டையே குழப்பும்.

திரவ முறையில் ஊட்டக் கரைசலுக்குள் பூஞ்சை இழைகள் சின்னச் சின்ன உருண்டைகளாக மிதக்கும். அமிலநிலை, வெப்பம், காற்று எல்லாம் கைக்குள். கொஞ்சம் காப்பர் சல்பேட் சேர்த்தால் பல இனங்களில் லாக்கேஸ் நன்றாகவே ஏறும். அளவு மீறினால் அதே செம்பு நஞ்சாகிவிடும். வேகமாகக் கலக்கினால் இழைகள் அறுபடும், உருண்டை பெரிதானால் உள்ளே ஆக்சிஜன் போகாது. சரி, வடிகட்டினாலே நொதி தெளிந்த நீரில் கிடைத்துவிடுகிறதே!

நொதியைச் சுத்திகரித்து ஆராய வேண்டுமென்றால் நான் திரவத்தையே எடுப்பேன். சாயக்கழிவு நீரின் நிறம் நீக்கக் கச்சா நொதி போதுமென்றால் தவிடுதான். காளான் அறுவடைக்குப் பிறகு மிஞ்சும் படுக்கையிலும் லாக்கேஸ் இருக்கும். அதைப் பிழியாமல் எறிவது பெரிய வீண்.