ஏற்காட்டுக் காப்பிக் கிடங்கில் ஒரு 2.8 அங்குலத் திரை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் உள்ள ஒரு கடையில், தயாரிப்பாளர் பெயர் எதுவும் அச்சிடப்படாத 2.8 அங்குல டிஎஃப்டி (வண்ண எல்சிடி வகை) தொடுதிரை மாட்யூல் ஒன்றைச் சென்ற ஆண்டு கார்த்திகையில் வாங்கினேன். ஏற்காட்டில் உறவினர் ஒருவரின் காப்பித் தோட்டத்துக் கிடங்கில் வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பதத்தையும் பெரிய எண்களில் காட்டுவதே அதன் வேலை. உலர்த்தி மூட்டை கட்டிய காப்பிக்கொட்டை, மலையில் பனிமூட்டம் இறங்கும் நாள்களில் ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும் என்பதால், கிடங்குக் கதவை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதைத் தோட்டத்து ரைட்டர் அந்த எண்களைப் பார்த்தே முடிவு செய்கிறார். ஆகவே இந்தத் திரை ஒன்றும் காட்டாமல் நின்றுபோவது எனக்குச் சிறிய குறையல்ல.

மாட்யூலில் இருப்பது ஐஎல்ஐ9341 கன்ட்ரோலர், அதாவது திரையை இயக்கும் சிப். 240க்கு 320 பிக்சல். பிக்சலுக்கு 16 பிட் என்று கொண்டால் முழுத் திரைக்கு 1,53,600 பைட் வேண்டும்; திரைக்குப் படத்தை அனுப்ப நான் பயன்படுத்திய எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில் இருப்பதோ 20 கிலோபைட் ராம். முழுப் படத்தையும் நம் பக்கத்தில் வரைந்து அனுப்பும் வழி தொடக்கத்திலேயே அடைபட்டுவிடுகிறது. ஆனால் கன்ட்ரோலருக்குள்ளேயே படத்தைத் தாங்கும் நினைவகம் இருப்பதால், ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 2ஏ, 2பி கட்டளைகளால் ஒரு செவ்வகத்தைக் குறித்து, 2சி கட்டளைக்குப் பின் அந்தச் செவ்வகத்தின் பிக்சல்களை மட்டும் அனுப்பினால், மற்ற இடம் அப்படியே நிற்கும். எஸ்பிஐ (தரவைப் பிட் பிட்டாக அனுப்பும் இணைப்பு) வழியாக எழுதும்போது ஒரு கடிகாரச் சுற்றுக்குக் குறைந்தது 100 நானோவினாடி வேண்டும் என்கிறது கன்ட்ரோலரின் டேட்டாஷீட் (விவரக் குறிப்பேடு). அதாவது 10 மெகாஹெர்ட்ஸ். பலர் 40 மெகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறார்கள், ஓடவும் செய்கிறது. வருடம் முழுவதும் ஆள் பார்க்காமல் ஓட வேண்டிய கருவிக்கு அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை. 9 மெகாஹெர்ட்ஸில் நிறுத்திக்கொண்டேன். அந்த வேகத்தில் முழுத் திரையை நிரப்ப ஏறத்தாழ 137 மில்லிவினாடி ஆகிறது, நிரம்புவது கண்ணுக்கே தெரிகிறது. மாறிய இலக்கம் இருக்கும் 96க்கு 48 பிக்சல் கட்டத்தை மட்டும் எழுதினால் சுமார் 8 மில்லிவினாடியில் முடிந்துவிடுகிறது. 8 வரிகளைக் கொள்ளும் பஃபர் (தற்காலிக நினைவிடம்) இரண்டு வைத்து, ஒன்றை டிஎம்ஏ (செயலியின் கை படாமல் தரவை நகர்த்தும் பகுதி) அனுப்பிக்கொண்டிருக்கும்போது மற்றதில் வரைவதால் செலவாகும் ராம் 7,680 பைட் மட்டுமே.

கடையில் தந்த மாதிரி நிரலில் காத்திருப்பு நேரங்கள் விடுபட்டிருந்தன. ரீசெட்டுக்குப் பின் 120 மில்லிவினாடி விட்டே, தூக்கத்திலிருந்து எழுப்பும் ஹெக்ஸ் 11 கட்டளையை அனுப்ப வேண்டும். நிறங்கள் முதல் நாள் தாறுமாறாக வந்ததற்குப் பைட் வரிசையே காரணம்: நம் சிப் கீழ்ப் பைட்டை முதலில் வைக்கிறது, திரை மேல் பைட்டை முதலில் எதிர்பார்க்கிறது. எஸ்பிஐயை 16 பிட் முறைக்கு மாற்றியதும் அது சரியாயிற்று.

உண்மையான சோதனை ஐப்பசி மழையில் வந்தது. மலையில் மின்சாரம் கண் இமைக்கும் நேரத்துக்கு விட்டுவிட்டு வந்த ஒரு மாலையில், சிப் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க, திரை மட்டும் வெள்ளையாகிவிட்டது. பேக்லைட் (திரையின் பின்னொளி) எரிகிறது, கன்ட்ரோலர் தன் அமைப்புகளை எல்லாம் இழந்துவிட்டது என்பதே அதன் பொருள். நான் எழுதியிருந்த டிரைவருக்கு (திரையோடு பேசும் நிரல்) அனுப்ப மட்டுமே தெரிந்தது. அந்தப் பக்கம் கேட்கிறதா என்று ஒருபோதும் விசாரித்ததில்லை. ஒரு ரீசெட் பட்டனை அழுத்துவதற்காக 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போனேன். அன்றிரவே டிரைவரைத் திருத்தி, இரண்டு வினாடிக்கு ஒரு முறை ஹெக்ஸ் 0ஏ கட்டளையால் திரையின் நிலையைப் படிக்கும்படி செய்தேன். எல்லாம் சரியாக இருந்தால் 9சி என்று பதில் வரும். அதாவது பூஸ்டர் (மின்னழுத்தத்தை உயர்த்தும் பகுதி) இயங்குகிறது, தூக்கம் கலைந்திருக்கிறது, திரைக் காட்சி இயக்கத்தில் இருக்கிறது. வேறு எதுவாக வந்தாலும் தொடக்கக் கட்டளைகள் முழுவதும் மீண்டும் போகும். படிப்பதற்கு 150 நானோவினாடிச் சுற்று தேவை என்பதால் அந்த நேரத்துக்கு மட்டும் கடிகாரத்தை 4.5 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைக்கிறேன். அதன் பின் இதற்காக மலை ஏற வேண்டியிருக்கவில்லை. இந்த மாட்யூலில் எஸ்டிஓ பின் (கன்ட்ரோலரின் பதில் வரும் முனை) வெளியே கொண்டுவரப்பட்டிருப்பதால்தான் இது முடிந்தது. என் மதிப்பீட்டில் இதன் மிகப் பெரிய நிறையும் அந்த ஒரு பின்தான்.

பிறகு வேறொரு விற்பனையாளரிடம், அதே படம், அதே விளக்கம் என்று நம்பி இன்னும் மூன்று வாங்கினேன். இரண்டு சரியாக வந்தன. மூன்றாவது, ஃபிலிம் நெகட்டிவ் போல நிறங்களைத் தலைகீழாகக் காட்டியது. கன்ட்ரோலரின் ஐடியைக் (அடையாள எண்) கேட்கும் ஹெக்ஸ் டி3 கட்டளைக்கு 93, 41 என்று பதில் வர வேண்டிய இடத்தில் எதுவும் பொருந்தவில்லை. 04 கட்டளைக்கு வந்த 85, 85, 52 என்ற பதில்தான் அது எஸ்டி7789 என்ற வேறொரு கன்ட்ரோலர் என்று காட்டிக்கொடுத்தது. செவ்வகம் குறிப்பதும் பிக்சல் எழுதுவதும் இரண்டுக்கும் ஒன்றுதான். மின்னழுத்த அமைப்புகள் வேறு, நிறத்தைப் புரட்ட ஹெக்ஸ் 21 வேண்டும். தொடக்கக் கட்டளைகளை நிரலுக்குள் சிதறவிடாமல், கட்டளை, தரவு, காத்திருப்பு என்று தனி அட்டவணையாக வைத்திருந்ததால், இரண்டாவது அட்டவணை ஒன்றைச் சேர்த்து, ஐடியைப் படித்துத் தேர்ந்தெடுக்கச் செய்வதோடு வேலை முடிந்தது. அறிவித்ததற்கு மாறான பொருளை விற்றது தவறு என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை.

தொடுதிரை அழுத்தத்தால் இயங்கும் வகை என்பதால் ஈரக் கைக்கும் வேலை செய்கிறது. பின்புறத்து மெமரி கார்டு இடத்தை நான் பயன்படுத்தவில்லை. பார்வைக் கோணம் குறுகல்: கண்மட்டத்துக்கு மேலே மாட்டியபோது எண்கள் வெளிறின, மாட்யூலைத் தலைகீழாக மாட்டி, ஹெக்ஸ் 36 வழியாகப் படத்தைத் திருப்பிய பின் தெளிவாயின. வெயில் விழும் உலர்களத்தில் இதை வைக்க வேண்டாம், ஒன்றும் தெரியாது.

கூரைக்குள் இருக்கும் கருவிக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், எஸ்டிஓ பின் இருக்கும் மாட்யூலாகப் பார்த்து வாங்கினால். வரும் அறுவடைக்கு இன்னும் இரண்டு தேவைப்படுகின்றன. இம்முறை ஐடியைப் படித்துக் காட்டும் சிறு போர்டு ஒன்றைக் கடைக்கே எடுத்துப் போகிறேன்.