பழைய வேர்டுல ஒரு வார்த்தைக்கு மட்டும் நிழல்: ஹைலைட்டா, ஷேடிங்கா?

வேர்ட் 2003 இன்னும் ஓடுற சிஸ்டம் நம்மகிட்ட ஒண்ணு இருக்கு, நோட்ஸ் டைப் பண்றதெல்லாம் அதுலதான். பத்திக்கு நடுவுல இருக்கிற ஒரே ஒரு வார்த்தைக்குப் பின்னாடி லேசா கலர் வரணும்னா அதுல ரெண்டு வழி. டூல்பார்ல இருக்கிற ஹைலைட் பேனா, இல்லன்னா ஃபார்மட் மெனுவுல பார்டர்ஸ் அண்ட் ஷேடிங். பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும், ஆனா சுத்தமா வேற வேற.

ஹைலைட் சோம்பேறிக்கு ஏத்தது. பேனாவ கிளிக் பண்ணிட்டு வார்த்தை மேல இழுத்துட்டே போகலாம், எஸ்கேப் அழுத்துற வரைக்கும் விடாது. ஆனா மொத்தமே 15 கலர்தான், அதுலயும் பாதி கண்ணைக் குத்தும். சாம்பல்லயும் 25, 50 சதவீதம்னு ரெண்டுதான், அதைவிட மெல்லிசா வேணும்னா கிடைக்காது. நான் ஒரு தடவை மஞ்சளும் பச்சையுமா போட்டு கருப்பு வெள்ளை பிரிண்ட் எடுத்து ஜெராக்ஸும் போட்டுட்டேன், மஞ்சள் இருந்த இடமே தெரியல, பச்சை போட்டதெல்லாம் அழுக்குத் துணி மாதிரி வந்துச்சு.

ஷேடிங்ல அந்தத் தொல்லை இல்ல. 5, 10, 12.5, 15 சதவீதம்னு லிஸ்டே இருக்கு, 10 இல்ல 15 வச்சா எழுத்தும் தெளிவா இருக்கும் நிழலும் தெரியும். ஆனா மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு, அந்த டயலாக்ல வலது பக்கம் கீழ அப்ளை டூ-னு ஒரு பொட்டி, அதுல டெக்ஸ்ட்னு இருக்கான்னு பார்த்துட்டு ஓகே குடுங்க, பாராகிராஃப்னு இருந்தா மார்ஜின்ல இருந்து மார்ஜின் வரை பத்தி முழுக்க சாம்பல் பூசிடும். வார்த்தைய செலக்ட் பண்ணாம மெனுவுக்குள்ள போனா இதுதான் நடக்கும்.

இன்னொண்ணு, வார்த்தை மேல டபுள் கிளிக் பண்ணா பின்னாடி இருக்கிற ஸ்பேஸும் சேர்ந்தே செலக்ட் ஆகும். அதோட ஷேடிங் போட்டா நிழல் வலது பக்கம் வால் மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். ஷிஃப்ட்ட பிடிச்சுட்டு இடது அம்புக்குறிய ஒரு தட்டு தட்டுங்க, சரியாயிடும்.

வேகத்துல ஹைலைட்தான் ஜெயிக்கும்னு ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன், எஃப்4 தெரியிற வரைக்கும். ஒரு வார்த்தைக்கு டயலாக் வழியா ஷேடிங் போட்டுட்டு அடுத்த வார்த்தைய செலக்ட் பண்ணி எஃப்4 அழுத்தினா போதும், அதே நிழல் அப்படியே வந்துடும், மெனு பக்கமே போக வேணாம்.

அழிக்கிறதுலயும் வித்தியாசம் இருக்கு. கன்ட்ரோல் ஸ்பேஸ்பார் அடிச்சா ஷேடிங் போயிடும், ஹைலைட் அசையாது, அதுக்குத் திரும்ப பேனாவுக்குப் போய் கலர் வேணாம்ங்கிற நன் (None) குடுக்கணும். ஆனா தேடுறதுன்னு வந்தா ஹைலைட்தான் கில்லாடி, ஃபைண்ட் டயலாக்ல ஃபார்மட்டுக்குள்ள ஹைலைட்னு குடுத்தா ஒவ்வொண்ணா காட்டும், ஷேடிங்குக்கு அப்படி நேரடி வழி இல்ல. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், வியூ போய் ஹைலைட் டிக்கை எடுத்தா திரையிலயும் பிரிண்ட்லயும் மறைஞ்சும் போகும். அதனால யாருக்காவது திருத்தம் பார்த்துக் குடுக்குறப்ப நான் ஹைலைட்தான் போடுவேன்.

ஆனா நிழல் கடைசி வரைக்கும் அங்கேயே இருக்கணும்னா ஷேடிங்தான், அதையும் கையால போடாதீங்க, கேரக்டர் ஸ்டைலா, அதாவது எழுத்துக்கான அலங்காரத்த ஒரு பேர் குடுத்து சேமிச்சு வச்சுக்கோங்க. ஹைலைட்ட ஸ்டைலுக்குள்ள வைக்கவே முடியாது, ஷேடிங்க வைக்கலாம். புது ஸ்டைல்ல டைப் கேரக்டர்னு மாத்திட்டு ஃபார்மட், பார்டர் போய் 15 சதவீதம் குடுத்துடுங்க. அப்புறம் ரீப்ளேஸ்ல தேடுற வார்த்தைய அடிச்சு, கீழ இருக்கிற கட்டத்தக் காலியா விட்டுட்டு அந்த ஸ்டைல மட்டும் சேர்த்து ரீப்ளேஸ் ஆல் குடுத்தா அந்த வார்த்தை எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் நிழல் விழுந்துடும், எழுத்து மாறாது. பின்னாடி 15 அடர்த்தியா இருக்கு 10 போதும்னு தோணுச்சுன்னா ஸ்டைல்ல ஒரே இடத்துல மாத்தினா மொத்தமும் மாறிடும். ஸ்டைலையே தேடலாம்ங்கிறதால மேல சொன்ன அந்த ஃபைண்ட் குறையும் தீர்ந்துடுது.

ஓப்பன் ஆபீஸ் ரைட்டர் வச்சிருக்கிறவங்களுக்கு இந்தக் குழப்பமே இல்ல, அங்க ஃபார்மட், கேரக்டர், பேக்ரவுண்ட்னு ஒரே சங்கதிதான், டூல்பார் ஹைலைட் பட்டனும் அதையேதான் போடும், ஸ்டைலுக்குள்ளயும் உட்காரும். சதவீதப் புள்ளி பேட்டர்ன் மட்டும் கிடையாது, தட்டையான கலர்தான். வேர்டுக்கும் அதுக்கும் நடுவுல ஃபைல் போய் வரணும்னா, ஓப்பன் ஆபீஸ்ல இருந்து பிரிஞ்சு வந்த லிப்ரே ஆபீஸோட பிந்தைய வெர்ஷன் பாருங்க, ஆப்ஷன்ஸ்ல லோட்/சேவுக்குக் கீழ மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் பக்கத்துல, வெளிய அனுப்புறப்ப ஹைலைட்டா போகணுமா ஷேடிங்கா போகணுமான்னு நாமளே தேர்ந்தெடுத்துக்கலாம். நான் ஷேடிங்க டிக் பண்ணி வச்சிருக்கேன்.