ஏஎன்சியா, காதை அடைக்கும் இயர்போனா: பத்தாயிரம் ரூபாய்க்குள் எதை வாங்கலாம்?

ஏஎன்சி என்றால் வெளி இரைச்சலை எதிர் ஓசை விட்டு அடக்கும் மின்னணு வசதி. பெட்டியில் "50 டெசிபல் ஏஎன்சி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து ஹெட்போன் வாங்காதீர்கள். அந்த எண் ஏதோ ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் கருவி எட்டிய உச்சம். பக்கத்து வீட்டு டிவியும் அதே அளவுக்கு அடங்கிவிடும் என்று அதற்கு அர்த்தமில்லை. உங்களைத் தொல்லைப்படுத்துவது எந்த மாதிரி ஓசை என்று முதலில் முடிவு செய்யுங்கள். எதை வாங்குவது என்பது அதில்தான் இருக்கிறது.

ஏஎன்சி ஹெட்போனில் வெளியே ஒரு மைக் இருக்கும். நல்லவற்றில் உள்ளேயும் ஒன்று இருக்கும். இரண்டும் இருந்தால் ஹைப்ரிட் என்பார்கள். மைக் பிடித்த ஓசையைத் தலைகீழாக்கி ஸ்பீக்கரில் விட்டால் இரண்டும் மோதி அடங்கும். 100 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஓசையின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு எதிர் அலை துளி தாமதமாக வந்தாலும் பாதகமில்லை. 3,000 ஹெர்ட்ஸ் போன்ற கீச்சென்ற ஓசையில் அலைநீளம் 11 சென்டிமீட்டர்தான். அங்கே அதே தாமதம் கணக்கையே கெடுத்துவிடும். அதனால் ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சிப் பெரும்பாலும் கைவிரித்துவிடுகிறது. அதற்கு மேலே தடுப்பதெல்லாம் காதை மூடியிருக்கும் பஞ்சும் ரப்பரும்தான்.

ஆக, பஸ் எஞ்சின், ஏசி, ரயில் பெட்டியின் அடித்தள அதிர்வு, ஏடிஆர் போன்ற சிறிய ப்ரொப்பெல்லர் விமானத்தின் உறுமல் இவற்றுக்கு ஏஎன்சி. பேச்சு, ஹாரன், குக்கர் விசில், மிக்ஸி, ஆடி மாத ஒலிபெருக்கி இவற்றுக்கு அடைப்பு. ஏஎன்சியைப் போட்டதும் அறைத்தோழர் போனில் பேசுவது முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது என்று பலர் புலம்புவார்கள். அது பிரமையில்லை. பேச்சைப் புரிய வைக்கும் மெய்யொலிகள் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. அவற்றை மறைத்துக்கொண்டிருந்த ஏசி இரைச்சலை ஏஎன்சி விலக்கிவிடுவதால் பேச்சு பளிச்சென்று வந்து விழுகிறது.

இன்னொரு பொறி: "இஎன்சி". ஆயிரம் ரூபாய் இயர்பட் பெட்டிகளில் இதுதான் அதிகம் தென்படும். நீங்கள் போனில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் பக்கத்து இரைச்சலைக் குறைத்துக் காட்டுவது அது. உங்கள் காதுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சரி, போட்டியாளர்களைப் பார்ப்போம். முதலில் காதுக்குழாய்க்குள் செருகும், வயர் வைத்த இன்-இயர் இயர்போன், அதாவது ஐஇஎம். மூன்ட்ராப் சூ 2 போன்றவை இரண்டாயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கின்றன. கூடவே ஒரு ஜோடி ஃபோம் டிப் (காதுக்குள் போகும் பஞ்சு முனை) வாங்கிவிட்டால், பேச்சொலியைத் தடுப்பதில் இதைவிடப் பல மடங்கு விலையுள்ள ஏஎன்சி ஹெட்போனுக்குச் சவால் விடும். சார்ஜ் ஏற்றும் வேலையில்லை, இரண்டு வருடத்தில் பேட்டரி செத்துப்போகும் கவலையும் இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: இந்த விலையில் வரும் பலவற்றின் உடலில் காற்றோட்டத்துக்குப் பொடித் துளை இருக்கும், அதன் வழியே கொஞ்சம் ஓசை கசியும். ஷூர் எஸ்இ215-க்கு 37 டெசிபல் வரை தடுப்பு என்று அந்த நிறுவனம் சொல்கிறது. அது காதுக்குள் முழுதாக அடைந்து உட்கார்ந்தால் கிடைப்பது.

அந்த "முழுதாக"வில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். ஃபோம் டிப்பை விரலிடுக்கில் திரி போலச் சுருட்டி அழுத்துங்கள். எதிர்க் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், காதின் மேல்நுனியை மேலாகவும் பின்னாகவும் இழுங்கள், காதுக்குழாய் நேராகும். இப்போது டிப்பை உள்ளே விட்டு, அது விரியும்வரை 20 விநாடியாவது விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். உடனே கையை எடுத்தால் ஃபோம் விரியும்போது தானே வெளியே தள்ளிக்கொண்டு வரும். கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல் மெல்லத் திருகி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உறிஞ்சல் செவிப்பறையை வலிக்க வைக்கும். வியர்வை அதிகமுள்ள ஊரில் ஃபோம் இரண்டு மூன்று மாதத்தில் விறைத்துப்போகும், அதையும் செலவில் சேருங்கள். சிலிகான் டிப் கழுவிக் கழுவி நெடுநாள் வரும், ஆனால் அளவு சரியாக அமைய வேண்டும். இரண்டு காதுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படுவது சகஜம்.

இதன் குறைகள்: சாப்பிடும்போதும் நடக்கும்போதும் தாடையும் காலடியும் தலைக்குள் "தொம் தொம்" என்று கேட்கும். வயர் சட்டையில் உரசுவதும் கேட்கும். வயரைக் காதுக்குப் பின்னால் சுற்றிவிட்டால் அது பெருமளவு குறையும். போனில் 3.5 மிமீ ஓட்டை இல்லையென்றால் யூஎஸ்பி-சி டாங்கிள் (சார்ஜ் ஓட்டையில் செருகும் இணைப்பி) வேண்டும். ஆப்பிள் டாங்கிளை ஆண்ட்ராய்டு போனில் போட்டால் சத்தம் குறைவாக வருவது பலரும் சந்திக்கும் சிக்கல். முக்கியமாக, வெளி ஓசையை உள்ளே விடும் வசதி இதில் இல்லை. சாலையிலும் தண்டவாளத்தருகிலும் கழற்றித்தான் ஆக வேண்டும்.

அடுத்து 2,500 முதல் 4,000 ரூபாய்க்குள் வரும் ஏஎன்சி இயர்பட்கள். சிஎம்எஃப் பட்ஸ் ப்ரோ, ரியல்மி பட்ஸ் ஏர் போன்றவை. சிலிகான் டிப் காதைப் பாதி அடைக்கிறது, தாழ்ந்த ஓசையை ஏஎன்சி பார்த்துக்கொள்கிறது. தினமும் பஸ்ஸிலோ மின்சார ரயிலிலோ போய் வருபவருக்கு இந்த விலையில் இதுதான் சரியான சமரசம். ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்தால் காற்று வெளி மைக்கில் அடித்து "புர்ர்" என்று கேட்கும். அப்போது ஏஎன்சியை அணைப்பதே மேல். துளியூண்டு பேட்டரி, மாற்றவும் முடியாது. மூன்றாவது வருடத்தில் புதிது வாங்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டே வாங்குங்கள்.

பத்தாயிரத்தை ஒட்டி வருவது சோனி டபிள்யூஎச்-சிஎச்720என். எடை 192 கிராம், காது முழுதும் மூடும் வகையில் இது மிகவும் லேசு. ஏஎன்சியோடு 35 மணி நேரம் ஓடும் என்கிறது சோனி. வயர் போட்டும் கேட்கலாம். நாளெல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்து மீட்டிங் பேசுபவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். லேசாக இருப்பதற்கு விலையும் உண்டு: பிடிமானம் மென்மை, உடல் வெறும் பிளாஸ்டிக். பேச்சொலியைத் தடுப்பதில் ஃபோம் போட்ட ஐஇஎம் இதைவிட ஒரு படி மேல்.

ஏஎன்சியே இல்லாத சென்ஹைசர் எச்டி 280 ப்ரோவையும் பட்டியலில் சேர்க்கிறேன். ஸ்டூடியோக்காரர்களின் பழைய உழைப்பாளி, 32 டெசிபல் வரை தடுக்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. நடுத்தர, உயர் ஓசைகளுக்கு நல்ல தடுப்பு. எஞ்சின் உறுமல் மட்டும் உள்ளே வரும். தலையை இறுக்கிப் பிடிக்கும், மே மாதத்தில் காது வெந்துவிடும். மின்தடை 64 ஓம் என்பதால் சில போன்களில் சத்தம் போதாது.

கண்ணாடி போடுபவர்கள் காதை மூடும் வகையில் எதை எடுத்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணாடியின் தடித்த கம்பி ஹெட்போன் மெத்தையைத் தூக்கிவிட்டால் அந்த இடுக்கில் பேஸும் (தாழ்ந்த ஓசை) போகும், ஏஎன்சியும் பாதியாகும். மெல்லிய உலோகச் சட்டத்தில் இது பெரிதாகத் தெரியாது. மெத்தையின் ரெக்ஸின் நம் வெக்கையில் உரிந்து கறுப்புத் துகளாகக் கொட்டும். மாற்று மெத்தை கிடைக்கும் மாடலா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

மேளதாளம், கட்டட வேலை என்று தீராத தொல்லை இருந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு. வெளியே துருத்தாத சின்ன ஐஇஎம் போட்டு, அதன் மேல் தொழிற்சாலைகளில் போடும் இயர்மஃபை (காதை முழுதாக மூடும் இரைச்சல் தடுப்பு) மாட்டுங்கள். த்ரீஎம் பெல்டார் எக்ஸ்5ஏ-யின் தடுப்பு மதிப்பீடு 31 டெசிபல். இரண்டின் எண்ணையும் கூட்டி 60 என்று எதிர்பார்க்காதீர்கள். நடைமுறையில் கூடுதலாக 5 டெசிபல் வாக்கில்தான் கிடைக்கும். காதை எவ்வளவு அடைத்தாலும் மண்டையோடு வழியே ஓசை உள்ளே போய்விடும். தூங்குவதற்கு மட்டும் என்றால் இந்த எதுவும் வேண்டாம், மருந்துக்கடை ஃபோம் அடைப்பான் போதும்.

எதை வாங்கினாலும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். யூடியூபில் 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, போட்டிருக்கும் இயர்போனை விரலால் லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது உறுமல் கூடினால் அடைப்பு சரியில்லை. பெரிய டிப்புக்கு மாறுங்கள். பிறகு பாட்டை நிறுத்தி, ஏஎன்சி இருந்தால் அதைப் போட்டு, ஒரு முறை ஃபேனுக்குக் கீழேயும் ஒரு முறை செய்தி ஓடும் டிவிக்கு முன்னாலும் உட்காருங்கள். ஃபேன் மறைந்து செய்தி தெளிவாகக் கேட்டால் ஏஎன்சி ஒழுங்காக இருக்கிறது, அடைப்புதான் போதவில்லை. பொட்டலத்தைத் திருப்பிக் கட்டும் முன் ஒரு ஃபோம் டிப் போட்டுப் பாருங்கள். ஆனால் சார்ஜிங் பெட்டிக்குள் அடங்கும் குட்டையான டிப்பாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் மூடி மூடாது, பட்ஸும் சார்ஜ் ஏறாது.