பெட்டியில் 3200, உள்ளே 1000: திருகோணமலை இரவுக்கு எந்தப் பிலிம்?

இரவுப் படம் என்றதும் பெட்டியில் பெரிய எண் போட்ட பிலிமைத்தான் மனம் தேடும். இல்போர்ட் நிறுவனத்தின் கறுப்பு-வெள்ளைப் பிலிமான டெல்டா 3200 விற்பதும் அந்த எண்ணால்தான். ஆனால் அதன் உண்மையான வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், ஐஎஸ்ஓ 1000 என்று இல்போர்டின் தரவுத்தாளே சொல்கிறது. மீதியைக் கழுவும் நேரத்தைக் கூட்டித்தான் பெறுகிறோம். ஐஎஸ்ஓ 400 கொண்ட அதே நிறுவனத்தின் எச்பி5 பிளஸுக்கும் இதற்கும் இடையில் ஒன்றேகால் ஸ்டொப்புக்குச் சற்றுக் கூடத்தான் வித்தியாசம் (ஒரு ஸ்டொப் என்றால் ஒளியில் இரு மடங்கு). அதற்காகக் கூடுதல் காசு, பெரிய மணிமணியான கிரெய்ன், சீக்கிரம் பழுதாகும் சுருள்! எங்கள் தேர்வு 1600இல் எடுத்த எச்பி5 பிளஸ். அதாவது மீற்றரை (ஒளியை அளக்கும் கருவி) 1600க்கு வைத்து எடுத்து, கூடுதல் நேரம் கழுவுவது; இதைத்தான் புஷ் பண்ணுவது என்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். எண்ணெய் விளக்குக்கு அருகில் இருக்கும் முகத்துக்கு எஃப் 2 வரை திறக்கும் லென்ஸில் 400 என்றால் ஏறத்தாழ 1/15 செக்கன் வேண்டும், கை நடுங்கும். 1600 என்றால் 1/60, தாராளமாகப் பிடிக்கலாம். பத்திரகாளி அம்மன் கோயில் வாசலிலோ கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிலோ இது போதும். (கோயிலுக்குள் கமரா எடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் அந்தப் பக்கம் லென்ஸைத் திருப்பவே வேண்டாம்.)

புஷ் பண்ணினால் நிழல் திரும்பி வராது. பிலிமில் படாத ஒளியை எந்த டெவலப்பரும் உண்டாக்காது. வெளிச்சமான பகுதிதான் மேலும் தடிக்கும். அதனால் கூந்தலும் கறுப்புச் சேலையின் மடிப்பும் ஒரே கறுப்பாகிவிடும். இதில் பெரும்பாலும் கெடுப்பது மீற்றர்தான். விளக்கின் சுடர் சட்டத்துக்குள் இருந்தால் அது ஏமாந்து, தேவைக்குக் குறைவான ஒளியே போதும் என்று காட்டும். கிட்டப்போய் முகத்தை மட்டும் அளந்து, அந்த அளவோடு பின்னுக்கு வந்து எடுங்கள். மாநிற முகத்தை அப்படியே அளந்தால் ஒளி சற்றுக் கூடத்தான் விழும். புஷ் பண்ணும் பிலிமுக்கு அது நல்லதே.

கழுவ இல்போர்டின் மைக்ரோஃபென் டெவலப்பர் நல்ல பொருத்தம். மேலும் தண்ணீர் கலக்காத ஸ்டொக் கரைசலில், 20 பாகை செல்சியஸில், 1600க்கு 11 நிமிடம். முதல் 10 செக்கனில் நான்கு தரம் கவிழ்த்து, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதேபோல நான்கு தரம். நம் குழாய்த் தண்ணீரில் 20 பாகை கனவுதான். ஐஸ் போட்ட பேசினுக்குள் டெவலப்பர், பிக்ஸர் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்), கழுவும் தண்ணீர் மூன்றையும் வைத்து 24க்கு இறக்கினால் போதும். நேரம் எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் கீழே வரும். டெவலப்பரை மட்டும் குளிராக்கி, மற்றதைச் சூடாக விடாதீர்கள். நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் படத்தில் திட்டுத்திட்டாக வரும் அபாயம் உண்டு.

அப்படியானால் டெல்டா 3200 எதற்கு? எஃப் 2.8க்கு மேல் திறக்காத லென்ஸ் வைத்திருப்பவருக்கும், வீதியுலாவில் அசையும் தவில்காரரை நிறுத்திப் பிடிக்க நினைப்பவருக்கும். மைக்ரோஃபென் ஸ்டொக்கில், 20 பாகையில், 3200க்கு 9 நிமிடம். 1600இல் எடுத்து இதே நேரம் கழுவினால் நிழல்கள் இன்னும் நன்றாக இருக்கும்.

நிறத்துக்கு இரண்டுதான். சினிஸ்டில் 800டி என்பது கொடக் விஷன்3 500டி சினிமாப் பிலிமின் கரிய பின்பூச்சை நீக்கிய வடிவம். பூச்சு இல்லாததால் பல்பைச் சுற்றிச் செந்நிற வளையம் விழும். சிலருக்கு அதுவே அழகு, எங்களுக்கு இரண்டு படத்துக்குப் பிறகு அலுப்பு. டங்ஸ்டன் குண்டு பல்பின் மஞ்சள் ஒளிக்குச் சமப்படுத்தியதால் கடைவீதியின் வெள்ளை எல்ஈடி நீலமாக வரும். எண்ணெய் விளக்கு அப்போதும் மஞ்சள்தான். தோல் நிறம் முக்கியமென்றால் கொடக் போர்ட்ரா 800. பூச்சு நீக்காத 500டி மலிவாகக் கிடைத்தால் சாதாரண ஸ்டூடியோ மெஷினில் கொடுக்காதீர்கள். பூச்சு கரைந்து மெஷினையே நாசமாக்கும்.

உட்துறைமுக வீதியில் ட்ரைபொட் போட்டு நிற்பவருக்கு வேகப் பிலிமே தேவையில்லை. நீண்ட நேரம் திறந்திருந்தால் பிலிம் சோர்ந்துபோகும்: எச்பி5இல் மீற்றர் 10 செக்கன் என்றால் 20 கொடுக்க வேண்டும், 30 என்றால் 86. பூஜி ஏக்ரோஸ் 100க்கு 120 செக்கன் வரை திருத்தமே வேண்டாம். நம் ஊரில் சூரியன் நேராக இறங்குவதால் அந்தி வெளிச்சம் 20 நிமிடம் சொச்சம்தான். ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக அளந்துகொள்ளுங்கள்.

சுருள்களை பிரிட்ஜில் வையுங்கள். எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரமாவது விடுங்கள், இல்லாவிட்டால் கடற்காற்றின் ஈரம் பிலிமில் படியும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்தால், சுருள்களை விமான நிலையத்தில் கையால் பரிசோதிக்கச் சொல்லட்டும். எடுத்து முடித்த எச்பி5இன் மேல் மார்க்கரால் 1600 என்று எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் அது 400 நேரத்துக்குக் கழுவப்பட்டு, கண்ணாடிபோல மெலிந்த நெகட்டிவாக வரும்.