பழைய மவுசருக்குப் புதுக் குழல்: ஒரு கம்மியர் பட்டறையின் வேலை குறித்து

என்னிடம் இருப்பது சிலி நாட்டு இராணுவத்துக்காகப் பெர்லினின் லுட்விக் லோவே நிறுவனம் செய்துகொடுத்த 1895 மாடல் மவுசர் ரைஃபிள். பென்சில்வேனியாவின் மலைக்காடுகளில் மான் வேட்டைக்கு அதைத்தான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்தேன். குழலின் உட்புறம் துருவேறிக் குழிவிழுந்து குறி சிதறத் தொடங்கியதும், குழல் திருகி நிற்கும் ரிசீவரும், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் போல்ட்டும் சேர்ந்த பூட்டுப் பகுதியை, அதாவது ஆக்‌ஷனை மட்டும் வைத்துக்கொண்டு, புதுக் குழலும் புது மரக்கட்டையும் போட்டு விருப்பப்படி செய்துகொள்ளலாம் என்று முடிவுசெய்தேன். எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அது அமைய வேண்டும் என்பதே அப்போது என் எண்ணம்.

முதலில் போன கடையில் ஐந்தே நிமிடத்தில் சரி என்றார்கள். துப்பாக்கிக்கு உரிய பழைய 7×57 தோட்டாவின் அடிப்பகுதியும் .308-இன் அடிப்பகுதியும் ஒரே 12 மில்லிமீட்டர் விட்டம் என்பதால் போல்ட்டின் முகத்தில் கை வைக்கவே வேண்டியதில்லை, தோட்டாக்களை அடுக்கும் மேகசினிலும் இடம் போதும், ஸ்பெயின் நாட்டு இராணுவமே இதே வகைப் பழைய மவுசர்களை .308-ஐ ஒத்த 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறது என்று காரணங்களையும் அடுக்கினார்கள். அவர்கள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் துப்பாக்கியை ஒருவரும் கழற்றிப் பார்க்கவில்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில், ஒருவரே நடத்தும் ஒரு சிறு பட்டறைக்கு அதை எடுத்துச் சென்றேன். இந்த மதிப்புரை அந்த இரண்டாவது பட்டறையைப் பற்றியது.

அங்கே எந்தத் தோட்டா வேண்டும் என்று முதலில் கேட்கவில்லை. பரிசோதனைக்கு 150 டாலர், அதற்குப் பிறகுதான் பேச்சு என்றார். ஒரு வாரம் கழித்து நான் போனபோது பழைய குழல் தனியே கழற்றி வைக்கப்பட்டிருந்தது, வெறும் ரிசீவர் மேசையில் கவ்வியில் இருந்தது. போல்ட்டின் முன்முனையில் எதிரெதிராக நிற்கும் இரண்டு பூட்டுக் காதுகளின் பின்புறத்திலும் நீல மை தடவி, போல்ட்டை உள்ளே செலுத்தி மூடித் திறந்து காட்டினார். ஒரு காதில் மை முழுவதுமாக அழிந்திருந்தது, மற்றதில் விளிம்பில் மட்டும் ஒரு கீற்று அழிந்திருந்தது. சுடும்போது எழும் விசையை இத்தனை காலமும் பெரும்பாலும் ஒரே காதுதான் தாங்கிவந்திருக்கிறது என்பதே அதன் பொருள். பிறகு ஒரு மெல்லிய எஃகு ஊசியை என் கையில் கொடுத்து, ரிசீவருக்குள் அந்தக் காது அமரும் இடத்தின் மீது மெதுவாக இழுக்கச் சொன்னார். ஊசி ஓரிடத்தில் தட்டி நின்றது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு படி, நூறாண்டுக்கும் மேலாகக் காது எஃகை அழுத்தி அழுத்தி உண்டாக்கிய பள்ளத்தின் விளிம்பு. அதைக் கையால் உணர்ந்த பிறகு .308 பற்றி நான் வாய் திறக்கவில்லை.

அவர் சொன்ன கணக்கை நானும் வீட்டில் போட்டுப் பார்த்தேன். அமெரிக்காவில் தோட்டா அளவுகளையும் அழுத்த வரம்புகளையும் வகுக்கும் சாமி (SAAMI) என்ற அமைப்பின்படி, 7×57 தோட்டாவுக்குரிய உச்ச சராசரி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 51,000 பவுண்டு, .308 வின்செஸ்டருக்கு 62,000 பவுண்டு. தோட்டா அடியின் வெளி விட்டத்தை வைத்துப் பெருக்கினால், போல்ட்டைப் பின்னோக்கித் தள்ளும் விசை முதலாவதற்கு ஏறக்குறைய 9,000 பவுண்டும் இரண்டாவதற்கு 10,900 பவுண்டும் வருகிறது. பித்தளைக் கூட்டின் உள் விட்டம் சிறியது என்பதாலும், சுடும்போது கூடு விரிந்து, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையின் சுவரைப் பற்றிக்கொள்வதாலும் உண்மையில் போல்ட்டை எட்டும் விசை இதைவிடக் குறைவு. ஆயினும் இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. அறையில் எண்ணெய்ப் பசை இருந்துவிட்டால் கூடு சுவரைப் பற்றாமல் வழுக்கி, விசை முழுவதும் காதுகளின் மேல் வந்து விழும். அறையைத் துடைக்காமல் சுடுவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இங்கே முதல் கடையின் வாதம் எங்கே தவறியது என்பது தெளிவாகிறது. 1888-இன் ஜெர்மன் இராணுவத் தோட்டாவில் தொடங்கிய அந்த 12 மில்லிமீட்டர் அடி, 7×57, 8×57, .30-06, .270, .308, .243 என்று ஒரு பெரிய குடும்பத்துக்கே பொதுவாக அமைந்துவிட்டது. ஆகவே அந்தக் குடும்பத்தின் எந்தத் தோட்டாவும் பழைய மவுசரின் போல்ட் முகத்தில் தடையின்றி உட்காரும். பொருந்துகிறது என்பதால் தாங்கும் என்று ஆகிவிடாது. ஸ்பெயினின் மாற்றுத் துப்பாக்கிகளைப் பற்றிக் கேட்டபோது, ஓர் இராணுவம் தன் கிடங்கிலிருந்து பொறுக்கியெடுத்துச் சோதித்த துப்பாக்கிகளின் வரலாறு, என் மேசையில் இருக்கும் இந்த ஒரு ரிசீவருக்குச் சான்று ஆகாது என்றார். அந்தப் பதில் எனக்கு நிறைவாக இருந்தது.

அழுத்த வரம்பு எண்களை எப்படிப் படிப்பது என்பதையும் அவரிடம்தான் கற்றேன். அவை தோட்டாவின் வலிமையை மட்டும் சொல்வதில்லை, அந்தத் தோட்டாவை இன்னும் சுடக்கூடிய மிகப் பழைய துப்பாக்கியின் வலிமையையும் சொல்கின்றன. .45-70 தோட்டாவுக்குச் சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டு என்று வரம்பிட்டிருப்பதற்குக் காரணம், 1873-இன் டிராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகள் இன்னும் வீடுகளில் இருப்பதுதான். அதே தோட்டாவை ரூகர் நம்பர் ஒன் போன்ற உறுதியான ஆக்‌ஷனில் மிக வலுவாக நிரப்பிச் சுடுகிறார்கள் என்பதால், தோட்டா நிரப்பும் கையேடுகளில் அதற்குத் துப்பாக்கி வகை வாரியாகத் தனித்தனி அட்டவணைகள் உள்ளன. 8×57 தோட்டாவுக்கு அமெரிக்க வரம்பு 35,000 பவுண்டு, ஐரோப்பிய வரம்போ 3,900 பார், அதாவது 56,000 பவுண்டுக்கும் மேல். இந்த வேறுபாடு என் துப்பாக்கியையும் நேராகப் பாதிக்கிறது, ஏனெனில் 7×57-க்கும் ஐரோப்பிய வரம்பு அதே 3,900 பார்தான். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயர் ஒன்றாக இருந்தாலும், ஐரோப்பியத் தொழிற்சாலையின் தோட்டாவை இந்த ஆக்‌ஷனில் சுடக் கூடாது என்று அவர் எழுதியே கொடுத்தார். குழல் மாற்றித் தரும் எத்தனை கடைகள் இதை வாடிக்கையாளரிடம் சொல்லும் என்று தெரியவில்லை. என்னிடம் முதல் கடை சொல்லவில்லை.

எஃகைப் பற்றிய பகுதிதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. பழைய மவுசர்கள் கரிமம் குறைந்த மென்மையான எஃகில் செய்யப்பட்டு, மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்டவை. வெளித்தோல் தேய்மானத்தைத் தாங்குகிறது, உள்ளே எஃகு வளைந்து கொடுக்கிறது. அளவுக்கு மீறிய அழுத்தம் தொடர்ந்து வந்தால் இது பெரும்பாலும் ஒரேயடியாக உடைவதில்லை. காதுகள் தம் இருக்கைக்குள் சிறிது சிறிதாகப் பதிகின்றன, போல்ட் முகத்துக்கும், அறையில் தோட்டாவின் தோள் முட்டும் இடத்துக்கும் இடையே இருக்க வேண்டிய ஹெட்ஸ்பேஸ் என்னும் அளவு கூடுகிறது, ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளைக் கூடு நீண்டு அடிக்கு மேலே மெலிகிறது, பிறகு ஒரு நாள் கூடு அங்கேயே கிழிந்து வெடிவாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வருகிறது. கடினத்தன்மை அளக்கும் ராக்வெல் பொறியில் வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். மேல்தோல் மெல்லியதாக இருக்கும்போது, கனமான சுமையில் அழுத்தும் முனை அதைத் துளைத்து உள்ளிருக்கும் மென்மையைச் சேர்த்தே அளந்துவிடும், ஆகவே ஒரே எண்ணை வைத்து முடிவுகட்டக் கூடாது என்றார். விரிசல்களைத் தேட அவர் காந்தத்துகள் சோதனை செய்திருந்தார். நல்லவேளையாக ஒன்றும் இல்லை.

இதற்கு நேர் எதிரான கதை அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903. மாசசூசெட்ஸின் அரசு ஆயுதச்சாலையில் அன்றைய தொழிலாளர்கள் காய்ச்சிய எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே வெப்பத்தைக் கணித்தார்கள். 1917-இல் சில ரிசீவர்கள் வெடித்துச் சிதறிய பிறகு வெப்பமானி வைத்து அளந்தபோது, கண்ணுக்குச் சரி என்று பட்ட வெப்பம், வெயில் அடிக்கும் நாளில் மேகமூட்டமான நாளைவிட 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடுதலாக இருந்தது தெரியவந்தது. பிரகாசமான ஒளியில் தணல் மங்கித் தெரிந்ததால் எஃகை மேலும் மேலும் காய்ச்சிக் கெடுத்திருக்கிறார்கள். இவ்வாறு பதம் கெட்ட எஃகு வளைந்து கொடுக்காது, கண்ணாடிபோல் நொறுங்கும். 800,000-க்குக் குறைவான வரிசை எண் கொண்ட ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலைத் துப்பாக்கிகளைச் சுட வேண்டாம் என்று இன்றும் சொல்வதற்குக் காரணம் இதுவே. இந்தப் பட்டறை அவற்றை எந்தத் தோட்டாவுக்கும், எவ்வளவு குறைந்த அழுத்தத்துக்கும் எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு 1898 மவுசர் இருந்திருந்தால் அவருடைய பதில் வேறாக இருந்திருக்கும். அதன் ரிசீவர் வளையம் தடித்தது. குழலின் திருகு மரை என்னுடையதில் 0.980 அங்குலம், பெரிய வளையம் கொண்ட 98-இல் 1.100 அங்குலம், ஆதலால் அறையைச் சுற்றி அதிக எஃகு இருக்கிறது. பின்புறம் மூன்றாவதாக ஒரு பாதுகாப்புக் காதும், கூடு கிழிந்தால் வெடிவாயுவை முகத்திலிருந்து திருப்பிவிடும் துளைகளும் விளிம்பும் அதில் உண்டு. அதிலும்கூட நீளமான, வெடிமருந்து அதிகம் கொண்ட மேக்னம் தோட்டாவை நுழைக்க, தோட்டா அறைக்குள் ஏறிச் செல்லும் ஏற்றுசரிவை அதிகமாகச் செதுக்கினால், கீழ்க் காதுக்கு முட்டுக்கொடுக்கும் எஃகே குறைந்துவிடும் என்பதால் அந்த வேலையை அவர் மறுத்துவிடுவதாகச் சொன்னார்.

மேக்னம் பேச்சில் வந்த ஓர் எடுத்துக்காட்டு என் நினைவில் நிற்கிறது. 1911-இல் லண்டன் ரிக்பி நிறுவனம் வெளியிட்ட .416 ரிக்பி தோட்டாவின் கூடு மிகப் பெரியது, ஆனால் அழுத்தமோ ஐரோப்பிய வரம்பின்படி 3,250 பார்தான். வெப்ப நாடுகளின் வெயிலில் கார்டைட் வெடிமருந்தின் அழுத்தம் எகிறும் என்பதை அறிந்து, கூட்டின் கொள்ளளவைப் பெருக்கி அழுத்தத்தைத் தாழ்த்தி வைத்தார்கள். வெயிலில் காய்ந்த காரிலிருந்து தோட்டாப் பெட்டியை எடுத்து உடனே சுடுபவர்களுக்கு இன்றும் அது பொருந்தும் பாடம்.

இறுதியில் எனக்கு இரண்டு வழிகள் தரப்பட்டன: மீண்டும் 7×57, அல்லது அதே கூட்டின் கழுத்தைச் சுருக்கிப் பிறந்த .257 ராபர்ட்ஸ். இரண்டாவதற்குச் சாதாரண வரம்பு 54,000 பவுண்டு, கூட்டிய அழுத்தத்தில் 58,000 என்பதால், கடையில் யாராவது தவறான பெட்டியை எடுத்துக் கொடுத்துவிடும் வாய்ப்பை எண்ணி 7×57-ஐயே தேர்ந்தேன். காதுகள் இரண்டும் சமமாகப் பதியும் வரை இருக்கையைத் தேய்த்துச் சமன்செய்தார். மேல்தோலைத் தாண்டிப் போகாதபடி எவ்வளவு தேய்க்கலாம் என்பதில் அவர் காட்டிய நிதானம் போற்றத்தக்கது. ஒருவேளை சமன்செய்ய அதிகம் எடுக்க வேண்டியிருந்தால் ரிசீவரைத் திருப்பித் தந்துவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். வேலை முடிந்ததும் மை தடவிய போல்ட்டை மறுபடி மூடித் திறந்து காட்டினார். இரண்டு காதுகளிலும் மை ஒரே சீராக அழிந்திருந்தது. ஹெட்ஸ்பேஸைச் சோதிக்கும் சிறிய அளவுக்கட்டையின் மேல் போல்ட் மூடியது, பெரியதன் மேல் மூடவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஏழு மாதம் என்று சொல்லிப் பதினோரு மாதம் ஆக்கினார், ஒரு வேட்டைக் காலம் முழுவதும் கைவிட்டுப் போனது. தொலைபேசியை எடுப்பது அரிது. மரக்கட்டையின் பின்தட்டு சரியாகப் பொருந்தாமல் ஓரம் துருத்தியிருந்ததைத் திருப்பிக் கொடுத்துச் செப்பனிட வேண்டியிருந்தது. பரிசோதனைக் கட்டணம் மொத்தக் கூலியில் கழிக்கப்படவில்லை, அதை முன்பே எழுத்தில் சொல்லியிருக்கலாம். .308 அல்லது 6.5 கிரீட்மோர்தான் வேண்டும் என்பவர்கள், பழைய ஆக்‌ஷனோடு அங்கே போய்ப் பயனில்லை. அந்த அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்ட ஒரு நவீன ஆக்‌ஷனை வாங்கிக்கொண்டு போனால் மகிழ்ச்சியாகச் செய்துகொடுப்பார்.

இதுவரை 200 தோட்டாக்கள் சுட்டிருக்கிறேன். ஒவ்வொரு கூட்டையும் எடுத்து, முனை வளைத்த ஒரு கம்பியை உள்ளே விட்டு அடிக்கு மேலே சுவரைத் தடவிப் பார்க்கிறேன். இதுவரை ஒன்றிலும் பள்ளம் தட்டவில்லை. போல்ட்டின் கைப்பிடி முதல் நாள் இருந்த அதே இலகுவில் எழுகிறது. 500 ஆனதும் துப்பாக்கியையும் கடைசியாகச் சுட்ட இருபது கூடுகளையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், அந்தச் சோதனைக்குக் கட்டணம் கிடையாது.