ஒன்லைன் பங்குத் தரகர் சேவை: வாங்கும்போது சுகம், விற்கும்போதுதான் கதை

பரந்தன் சந்திக்குக் கிட்ட வாகனப் பற்றரிக் கடை வைத்திருக்கிறேன். பழைய பற்றரியைக் கிலோக் கணக்கில் எடுப்பதும் அதை மாதத்தில் இரண்டு தரம் தெற்கிலிருந்து வரும் லொறிக்காரருக்கு நிறுத்துக் கொடுப்பதும் எங்கள் வேலைதான். அதனால் ஈயம், அலுமினியம், செம்பு என்று பழைய உலோகத்தை வாங்கி உருக்கி விற்கும் ஒரு சின்னக் கம்பனியின் பங்கு கொழும்புப் பங்குச் சந்தையில் இருக்கிறது என்று தெரிந்ததும், எங்கட தொழில்தானே, எனக்குத் தெரியாததா என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. போன ஆவணியில் ஒரு தரகு நிறுவனத்தின் ஒன்லைன் சேவையில் கணக்குத் திறந்தேன். ஏழு மாதம் பாவித்துவிட்டு எழுதுகிறேன். தரகரின் பெயரும் வேண்டாம், கம்பனியின் பெயரும் வேண்டாம், பிழையில் பாதி என்னுடையது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்குத் திறக்க ஊரை விட்டு அசையத் தேவையிருக்கவில்லை. அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், மின்சார பில், இந்த மூன்றையும் போனில் படம் எடுத்து அனுப்பினேன், நாலாம் நாள் சிடிஎஸ் கணக்கு (வாங்குகிற பங்கை எங்கள் பெயரில் பதிந்து வைக்கும் கணக்கு) இலக்கம் வந்துவிட்டது. கட்டணத்திலும் ஒளிவு மறைவு இல்லை. தரகருக்கு 0.64 சதவீதம், அதோடு சந்தைக்கும் சந்தையைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவுக்கும் போவது, அரசாங்க வரி எல்லாம் சேர்த்து மொத்தம் 1.12 சதவீதம். வாங்கும்போது ஒரு தரம், விற்கும்போது ஒரு தரம். பெரிய வங்கிப் பங்கு ஒன்றில் சோதனைக்குக் கொஞ்சம் வாங்கி விற்றுப் பார்த்தேன், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது, காசும் இரண்டு வேலைநாளில் வந்தது. அப்படிப்பட்ட பங்குகளோடு மட்டும் நிற்பவர்களுக்கு இந்தச் சேவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் ஆசை அந்த உலோகக் கம்பனிப் பங்கில். திரையில் 14.20 என்று பச்சை நிறத்தில் நின்றது. 7,000 பங்கு எடுத்தால் ஒரு இலட்சத்துக்குள் முடியும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் அந்த 14.20 மூன்று நாளுக்கு முந்திய வியாபாரம், அதுவும் வெறும் 40 பங்கு. உண்மையில் விற்க நின்றவர் 14.90 கேட்டார், வாங்க நின்றவர் 13.10க்கு 500 பங்குதான் கேட்டார், நடுவில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. அதாவது 14.90க்கு வாங்கி அடுத்த நிமிடமே மனம் மாறி விற்றால் நூறு ரூபாய்க்குப் பன்னிரண்டு ரூபாய் போய்விடும், இரண்டு பக்கக் கட்டணத்தையும் சேர்த்தால் பதினாலுக்குக் கிட்ட. இது கம்பனி நட்டப்படாமலே வருகிற நட்டம். இந்த விவரத்தைப் பார்க்க செயலியில் மூன்று இடத்தில் தட்டி உள்ளே போகவேண்டும், முன்பக்கத்தில் பச்சை எழுத்து மட்டும்தான்.

தரகு நிறுவனத்தின் ஆலோசகருக்குப் போன் எடுத்துக் கதைத்தேன். தமிழில் கதைக்க ஒரே ஒரு பிள்ளைதான் இருக்கிறார், அவர் லீவென்றால் ஆங்கிலம்தான். "அண்ணா, அது நல்ல கம்பனி அண்ணா, விலை இப்ப குறைவாத்தான் நிக்குது" என்றார். காசு எப்போது திரும்பத் தேவைப்படும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய பற்றரி வாங்கும்போது நானே "அவசரமா காசு வேணுமோ, பிறகு தந்தால் சரியோ" என்று கேட்கிறேன்! ஐந்து நாள் ஓர்டர் போட்டுப் போட்டு 7,000 பங்கையும் சேர்த்தேன், சராசரி 14.80 வந்தது.

கம்பனியைப் பற்றி எனக்கு விளங்கப்படுத்தியது தரகர் அல்ல, எங்கள் ஊர் மாஸ்ரர். ஓய்வூதியக் காசில் கொஞ்சம் பங்கு வைத்திருக்கிறவர். "தம்பி, லாபத்தைப் பிறகு பார், முதல்ல அந்த இருபது பேரைப் பார்" என்றார். காலாண்டு அறிக்கையின் கடைசியில் பெரிய பங்குதாரர் இருபது பேரின் பட்டியல் இருக்கும், பொதுமக்கள் கையில் எத்தனை வீதம் என்றும் இருக்கும். பார்த்தேன், முக்கால்வாசிப் பங்கு ஒரே குடும்பத்திடமும் அவர்களுடைய கம்பனிகளிடமும். மிச்சத்திலும் பலர் வருடக்கணக்காக அசையாத ஆட்கள். அப்படியென்றால் சந்தையில் உலாவுவது ஒரு கைப்பிடி. இன்னொன்றையும் சொன்னார், 2022இல் டொலர் இரண்டு மூன்று மாதத்தில் 200 சொச்சத்திலிருந்து 360க்குப் போனபோது பழைய உலோகம் குவித்து வைத்திருந்த எவருக்கும் லாபம்தான், அந்த வருடக் கணக்கைப் பார்த்துக் கம்பனியின் கெட்டித்தனம் என்று நினைக்காதே என்று. சரிதான், எனக்கே அந்த வருடம் முற்றத்தில் கிடந்த பற்றரிகள் தூங்கத் தூங்க விலை ஏறின. மற்றப் பக்கம், லண்டன் உலோகச் சந்தையில் ஈயம் இறங்கினால் லொறிக்காரர் அன்றைக்குப் பின்னேரமே போன் எடுத்து விலையைக் குறைத்துவிடுவார், ஆனால் உருக்கும் ஆலை இன்றைய விலைக்கு வாங்கியதைச் சில வாரம் கழித்துத்தானே விற்கும். இடையில் இறங்கினால் அடி அவர்களுக்கு. இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம், பங்கென்று வந்ததும் மறந்துபோனேன்.

தையில் அறுவடை தொடங்க முந்தி உழவு இயந்திரப் பற்றரி இறக்கக் காசு தேவைப்பட்டது. பின்னேரம் 2.20, சந்தை மூடப் பத்து நிமிடம். 1,500 பங்கு என்று அடித்து விற்பனைப் பொத்தானை அமத்தினேன். நான் கவனிக்கவில்லை, அது தானாகவே 'சந்தை விலை' என்று எடுத்துக்கொண்டது, அதாவது வாங்க நிற்பவர் என்ன விலை கேட்டாலும் அந்த விலைக்கு விற்றுவிடும். 500 பங்கு 13.10க்கு, அடுத்த 600 பங்கு 12.50க்கு, கடைசி 400 பங்கு 11.80க்கு. ஒரு எச்சரிக்கை இல்லை, "இந்த விலைக்கு இவ்வளவு பேர் இல்லை" என்று ஒரு வரி இல்லை. முறைப்பாடு எழுதினேன். நிபந்தனைகளின் பந்தியொன்றை ஆங்கிலத்தில் வெட்டி ஒட்டி அனுப்பினார்கள்.

2009க்குப் பிறகு இங்கே துருப்பிடித்த சைக்கிளும் உழவு இயந்திரக் கூடும் விற்ற சனத்துக்கு இந்தக் கதை புதிதில்லை. ஊருக்கு ஒரு லொறி வந்தால் லொறிக்காரர் சொன்னதுதான் விலை, இரண்டு லொறி வந்தால் பேரம் பேசலாம். என் லொறிக்காரர் அமிலத்தை வடித்துவிட்டுத்தான் நிறுப்பார் (அந்த அமிலம் எங்கே போகிறது என்பது வேறு சண்டை), தராசு முள்ளைப் பார்த்து நானும் அவரும் கத்துவோம், ஆனால் விலை பிடிக்காவிட்டால் "வேண்டாம் அண்ணை" என்று பற்றரியைத் திரும்பத் தூக்கி வைக்க ஒரு நிமிடம் இருக்கும். செயலியில் அந்த ஒரு நிமிடம் இல்லை.

கணக்குத் திறப்புக்கும் காசு வரவுக்கும் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். செயலிக்கு இரண்டு. ஆலோசனைக்கு ஒன்று, அதுவும் அந்தப் பிள்ளை மரியாதையாகக் கதைத்ததற்கு. இப்படிக் கை மாறாத பங்கைத்தான் வாங்குவேன் என்று நிற்பவர்கள் விலையை நீங்களே எழுதிப் போடுங்கள், 'சந்தை விலை' பக்கம் கையே வைக்காதீர்கள். வாங்க முந்தி ஒரு கிழமை சும்மா இருந்து ஒரு நாளைக்கு எத்தனை பங்கு கை மாறுகிறது என்று கொப்பியில் குறித்துப் பாருங்கள். நான் பிறகுதான் குறித்தேன், ஏழு வேலைநாளில் நாலு நாள் பூச்சியம்.

என்னிடம் இன்னும் 5,500 பங்கு கிடக்கிறது. 13.60க்கு ஓர்டர் போட்டு வைத்திருக்கிறேன், நேற்று அதில் 120 கேட்டு யாரோ வந்து 13.50இல் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள்.